குழந்தைப் புற்றுநோய்க்கு உதவ நினைக்கிறவர்களுக்கு: பணத்தை எங்கே கொடுப்பது?

"பேத்தி பிறந்தநாளுக்கு ஹோட்டலில் செலவழிப்பதை, புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுக்கலாம் என்று இருக்கிறோம். எங்கே கொடுப்பது?" இப்படிப்பட்ட கேள்விகள் அடிக்கடி வருகின்றன. கல்லூரி நண்பர்கள் குழுவாகச் சேர்த்த பணத்தோடு கேட்பவர்கள் உண்டு. இறந்துபோன அப்பாவின் நினைவாகக் கேட்பவர்களும் உண்டு. பெரும்பாலானவர்களின் கைபேசியில் ஏற்கெனவே ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்திருக்கும்: மூக்கில் குழாயோடு ஒரு குழந்தை, கீழே ஒரு பெரிய தொகை, ஒரு க்யூஆர் கோடு. அதற்கே அனுப்பிவிடலாமா, வேறு நல்ல வழி இருக்கிறதா என்று தெரியாமல் நிற்கிறார்கள்.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன், குழந்தைகள் எதனால் இறக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது அவசியம். உலகில் ஆண்டுதோறும் சுமார் 4 லட்சம் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் புற்றுநோய் வருவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பணக்கார நாடுகளில் அவர்களில் 80 சதவீதத்துக்கு மேல் குணமாகிவிடுகிறார்கள். ஏழை நாடுகள் பலவற்றில் 30 சதவீதம்கூட இல்லை. 2030-க்குள் உலக அளவில் 60 சதவீதம் பேராவது பிழைக்க வேண்டும் என்று 2018-இல் அந்த நிறுவனம் இலக்கு வைத்தது.

இவ்வளவு பெரிய வித்தியாசத்துக்கு, நம்மிடம் இல்லாத ஏதோ புது மருந்துதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். குழந்தைகளுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்றுநோய் ஏ.எல்.எல். என்ற வகை. அதைக் குணமாக்கும் மருந்துகளில் பெரும்பாலானவை ஐம்பது, அறுபது வருடப் பழையவை. 1980-களில் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம், மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ் மூன்றும் எம்.சி.பி. 841 என்ற ஒரே சிகிச்சை முறையைப் பின்பற்ற ஆரம்பித்தன. அந்தப் பழைய மருந்துகளையே திட்டப்படி, விடுபடாமல் கொடுத்ததில் பிழைத்த குழந்தைகளின் விகிதம் வெகுவாக உயர்ந்தது.

பிள்ளைகளை நாம் இழப்பது வேறு இடங்களில். நோய் தெரியவே மாதக்கணக்கில் தாமதமாகிறது. சிகிச்சையைக் குடும்பம் பாதியில் விடுகிறது. கீமோ நடக்கும்போது தொற்று வருகிறது. சில பிள்ளைகளுக்கு நோய் திரும்பி வருகிறது. முதல் மூன்றையும் சாதாரண மனிதர்கள் கொடுக்கிற பணத்தால் மாற்ற முடியும்.

எதை வைத்து எடைபோடுவது?

நான் முதலில் பார்ப்பது, கொடுக்கும் பணம் மேலே சொன்ன காரணங்களில் ஒன்றையாவது தொடுகிறதா என்பதை. அடுத்தது, அரசு ஏற்கெனவே தரும் ஒன்றுக்கே மறுபடியும் கொடுக்கிறோமா என்பது. மூன்றாவது காலம்: ஏ.எல்.எல். சிகிச்சை இரண்டு முதல் இரண்டரை வருடம் நீள்கிறது. முதல் மாதம் கிடைத்து மூன்றாவது மாதம் நின்றுபோகும் உதவி குடும்பத்தை நட்டாற்றில் விட்டுவிடும். நான்காவது, பணம் என்ன ஆனது என்று கேட்டால் பதில் கிடைக்குமா? கடைசியாக, நம் உதவிக்காக அந்தக் குழந்தை எதையாவது இழக்கிறதா? இதைப் பலர் யோசிப்பதே இல்லை.

1. ஒரு குழந்தையின் சிகிச்சைக்கு நேரடியாகக் கொடுப்பது

முகம் தெரிகிறது, பெயர் தெரிகிறது, பணம் போய்ச் சேர்ந்தது தெரிகிறது. மனம் இதற்குத்தான் இளகும், அதில் தவறே இல்லை.

ஆனால் அனுப்புவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: அந்தக் குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா? தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அந்தத் திட்டத்தில் சிகிச்சை உண்டு. தகுதி இருந்தும் அட்டை எடுக்காத குடும்பங்கள் இருக்கின்றன. வருமானச் சான்றிதழ் வாங்கி, கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதிய, விவரம் தெரிந்த ஒருவரைத் துணைக்கு அனுப்பினால், நீங்கள் அனுப்பும் பத்தாயிரத்தைவிட அது பெரிய உதவியாக முடியலாம்.

இன்னொன்று, அந்தத் தொகை எந்த மருத்துவமனையின் எஸ்டிமேட்? தனியார் மருத்துவமனையில் பல லட்சம் கேட்கும் அதே கீமோ, எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலோ அடையாறிலோ இலவசமாகவோ மிகக் குறைந்த செலவிலோ கிடைக்கும். சிகிச்சை தொடங்கும் முன்பே இதைக் குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும். தொடங்கிய பிறகு நடுவில் மாற்றுவது ஆபத்து. அதை டாக்டர்கள்தான் முடிவு செய்ய வேண்டும், நாம் வெளியிலிருந்து வற்புறுத்தக் கூடாது.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. நிதி திரட்டும் தளங்கள் நடுவில் ஒரு தொகையை 'டிப்' என்று தாங்களாகவே சேர்த்துக் காட்டும். அதைப் பூஜ்ஜியமாக்க முடியும் என்பது பலருக்குத் தெரியாது. இரண்டாவதுதான் எனக்கு அதிகம் உறுத்துவது. அந்தப் படம் இணையத்திலிருந்து போகாது. ஐந்து வயதில் மொட்டைத் தலையோடு பகிரப்பட்ட பெண் குழந்தைக்கு நாளைக்குக் குணமாகிவிடும். பதினைந்து வருடம் கழித்து யாரோ அவள் பெயரைத் தேடும்போது அந்தப் படம்தான் முதலில் வரும். நம் ஊரில் வரன் பேசும் வீடுகளுக்கு இது என்னவாகத் தெரியும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த வழிதான் சரி என்று சொல்லக்கூடிய நேரங்களும் உண்டு. குடும்பம் உங்களுக்குத் தெரிந்தது, காப்பீட்டு ஒப்புதல் வருவதற்குள் முதல் வாரச் செலவு நிற்கிறது, அல்லது எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்குக் காப்பீடு போக மீதித் தொகை வேண்டும் என்றால் தயங்காமல் கொடுங்கள். மருத்துவமனைக் கணக்குக்கே, நோயாளி எண்ணைக் குறிப்பிட்டு அனுப்புங்கள். படத்தை மட்டும் பகிராதீர்கள்.

2. தங்குமிடம், பயணம், சாப்பாடு

சிகிச்சை இலவசம் என்றாலும் சென்னையில் இருப்பது இலவசமில்லை. கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து குழந்தையோடு வரும் அம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை காலை ரத்தப் பரிசோதனை. மதியம் ஓபி வாசலில் சீட்டு வருகிறது: "கவுண்ட் இல்லம்மா, இன்னைக்கு கீமோ போட முடியாது, வியாழக்கிழமை வாங்க." வெள்ளை அணுக்கள் போதிய அளவு ஏறவில்லை, அவ்வளவுதான், இது எல்லாப் பிள்ளைகளுக்கும் நடப்பது. ஆனால் அந்த அம்மாவுக்கு அது ஒரு கணக்கு. ஊருக்குப் போய்த் திரும்ப இரண்டு பேருக்கு பஸ் செலவு. இங்கேயே இருந்தால் மூன்று ராத்திரி லாட்ஜ் வாடகை. ஊரில் பெரிய பிள்ளை பாட்டியிடம் இருக்கிறது. அப்பாவுக்குக் கூலி போய் இரண்டு வாரம் ஆகிறது. இந்தக் கணக்கு மாதத்துக்கு இரண்டு முறை வந்தால், ஆறாவது மாதத்தில் "பிள்ளைதான் நல்லா ஓடியாடுதே" என்று தோன்ற ஆரம்பித்துவிடும். சிகிச்சை நிற்பது அப்போதுதான்.

காய்ச்சல் இன்னொரு காரணம். கவுண்ட் இறங்கியிருக்கும் குழந்தைக்கு ராத்திரி 101 டிகிரி வந்தால் விடியும் வரை காத்திருக்க முடியாது. உடனே நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே தங்கியிருக்கும் குழந்தைக்கும், நான்கு மணி நேர பஸ் தூரத்தில் இருக்கும் குழந்தைக்கும் உயிர் வித்தியாசம் இங்கேதான்.

செயிண்ட் ஜூட் இந்தியா சைல்ட்கேர் சென்டர்ஸ் என்ற அமைப்பு 2006-இல் மும்பையில் தொடங்கி, சென்னை உட்படப் பல நகரங்களில் இந்தக் குடும்பங்களுக்கு இலவச இடம் தருகிறது. குடும்பத்துக்குத் தனி இடம், சமைக்க வசதி, மளிகை, மருத்துவமனைக்குப் போய்வர வண்டி. அவரவர் வீட்டுச் சமையலைச் செய்ய முடிவது சின்ன விஷயமாகத் தெரியலாம். கீமோவில் வாய்ப்புண் வந்த பிள்ளை, வேறு எதையும் தொடாமல் அம்மா குழைய வடித்த ரசம் சோற்றை இரண்டு வாய் வாங்கும். எடை குறையாத பிள்ளைதான் மருந்தைத் தாங்கும்.

பிரேசிலின் ரெசிஃபி நகரம் இதற்கு நல்ல உதாரணம். வறுமை மிகுந்த வடகிழக்குப் பகுதி அது. 1980-களில் அங்கே ஏ.எல்.எல். வந்த குழந்தைகளில் நோய் திரும்பாமல் ஐந்து வருடம் கடந்தவர்கள் 32 சதவீதம். தனிப் பிரிவு, பயிற்சி பெற்ற செவிலியர்கள், சமூகப் பணியாளர்கள், குடும்பங்களுக்குத் தங்குமிடம் எல்லாம் சேர்ந்து வந்த பிறகு, 1990-களின் கடைசியிலிருந்து சிகிச்சை பெற்றவர்களில் அது 63 சதவீதமானது. சிகிச்சையைப் பாதியில் விட்டவர்கள் 16 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதத்துக்கு இறங்கினார்கள். தங்குமிடம் மட்டும் இதைச் செய்யவில்லை, ஆனால் அது இல்லாமலும் நடந்திருக்காது.

இந்த வழியின் மறைந்த செலவு, கட்டடம். நன்கொடையாளர்களுக்குக் கல்வெட்டில் பெயர் வரும் கட்டடம் பிடிக்கிறது. கரண்ட் பில்லும், துப்புரவு செய்பவரின் சம்பளமும், கேஸ் சிலிண்டரும் யாருக்கும் பிடிப்பதில்லை. சுத்தமில்லாத தங்குமிடம் கவுண்ட் இல்லாத பிள்ளைக்கு லாட்ஜைவிட மோசம். ஆகவே புதிதாகக் கட்டுவதற்குக் கொடுப்பதைவிட, ஏற்கெனவே மருத்துவமனையோடு இணைந்து நடக்கும் இடத்தின் மாதச் செலவை ஏற்றுக்கொள்வது மேல்.

பயணத்தில் ஒரு தகவல். சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் முழுக் கட்டணச் சலுகை உண்டு, கூடப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம். மருத்துவமனை தரும் சான்றிதழ் வேண்டும். நீங்கள் பயணச் செலவு கொடுப்பதற்கு முன் இதை அவர்கள் வாங்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். பஸ்ஸை மட்டுமே நம்பும் ஊர்களுக்கு உங்கள் பணம் போகட்டும்.

3. மருந்துக்குக் கொடுப்பது

இதில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன். மருந்தை நீங்களே வாங்கிக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டாம். ஏ.எல்.எல்.-க்கு முக்கியமான ஆஸ்பராஜினேஸ் பாக்டீரியாவிலிருந்து எடுக்கப்படும் மருந்து. குளிர்ச்சியிலேயே வைத்திருக்க வேண்டும். சந்தையில் உள்ள சில தயாரிப்புகளின் தரத்தைப் பற்றிப் பல நாடுகளில் மருத்துவர்களே கவலை எழுப்பியிருக்கிறார்கள். தரமில்லாத மருந்து போட்டால் வெளியில் எதுவும் தெரியாது. ஒரு வருடம் கழித்து நோய் திரும்பும்போதுதான் தெரியும். எந்தத் தயாரிப்பை வாங்குவது என்பதை மருத்துவமனை மருந்தகமும் டாக்டரும்தான் முடிவு செய்ய வேண்டும். நாம் அவர்களின் ஏழை நோயாளி நிதிக்குக் கொடுக்கலாம்.

பெரிய அளவில் இதைச் செய்ய உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்காவின் செயிண்ட் ஜூட் மருத்துவமனையும் 2021-இல் ஒரு திட்டத்தை அறிவித்தன. 20 கோடி டாலர் முதலீட்டில், தரம் பார்த்த மருந்துகளை ஏழை நாடுகளுக்கு இலவசமாகக் கொடுப்பது. 2025-இல் மங்கோலியாவுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் முதல் தொகுதி போனது. நம் ஐம்பதாயிரத்தால் அந்த அளவுக்குச் செய்ய முடியாது.

ஆனால் அரசு கொள்முதலில் ஒரு மருந்து தீர்ந்துபோய், அடுத்த லாட் வரும்வரை இரண்டு வாரம் இடைவெளி விழும்போது, உள்ளூர் நிதி உண்மையிலேயே உயிர் காக்கும். அந்த நேரத்துக்கு மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் உங்கள் எண்ணைக் கொடுத்துவைப்பது நல்லது.

4. ஆட்களின் சம்பளம்

எல்லாவற்றையும் எடைபோட்டால், ஒரு ரூபாய்க்கு அதிகப் பலன் இங்கேதான் என்பது என் முடிவு. இதற்குப் படம் கிடையாது, திறப்பு விழா கிடையாது, அதனால் யாரும் கொடுப்பதும் கிடையாது.

எல் சால்வடார் என்ற சின்ன நாட்டில், குறித்த நாளில் குழந்தை வரவில்லை என்றால் உடனே வீட்டுக்குப் போன் போகும் ஏற்பாடு செய்தார்கள். ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். போன் எடுக்காவிட்டால் உள்ளூர் சுகாதார நிலையம் வழியாகத் தேடுவார்கள். பஸ்ஸுக்குக் காசில்லை என்றால் காசு. சாமியாரிடம் மருந்து வாங்கியிருக்கிறார்கள் என்றால் உட்கார்ந்து பேசுவார்கள். சிகிச்சையைப் பாதியில் விடுவது அங்கே 13 சதவீதத்திலிருந்து 3 சதவீதம் வரை இறங்கியது. வாங்கியது ஒரு இயந்திரமும் இல்லை. ஒரு நோட்டு, ஒரு போன், அதைப் பொறுப்பாகச் செய்ய ஒரு ஆள்.

நம்மிடம் அந்த ஆளின் வேலை இன்னும் கொஞ்சம் நுணுக்கமானது. ஏ.எல்.எல்.-க்கு வீட்டில் சாப்பிடும் மெர்காப்டோபியூரின் என்ற மருந்து பெரும்பாலும் 50 மி.கி. மாத்திரையாகத்தான் வரும். மூன்று வயதுக் குழந்தைக்கு ஒரு நாள் ஒரு அளவு, மறுநாள் வேறு அளவு என்று டாக்டர் எழுதுவார். அம்மா அதைக் கத்தியால் வெட்டிக் காகிதத்தில் மடித்து வைப்பார். எந்தக் கிழமைக்கு எந்தத் துண்டு என்பதை ஒரு அட்டையில் சூரியன், நிலா படம் போட்டுக் காட்டி, அடுத்த முறை வரும்போது மீதி மாத்திரைகளை எண்ணிப் பார்க்க ஒருவர் வேண்டும். ஓபியில் நூறு பேரைப் பார்க்கும் டாக்டருக்கு அதற்கு நேரம் கிடையாது. வாரக்கணக்கில் அளவு தப்பினால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுகிறது.

இங்கே மறைந்த செலவு உங்கள் பொறுமை. ஒரு வருடச் சம்பளம் கொடுத்துவிட்டு நிறுத்தினால், பழகிய ஆள் போய்விடுவார், நோட்டும் நின்றுவிடும். இரண்டு மூன்று வருடம் உறுதி சொல்ல முடிந்தால்தான் இதில் இறங்குங்கள். தனியாக முடியாவிட்டால் பத்துப் பேர் சேர்ந்து மாதத் தவணையாகக் கொடுக்கலாம்.

5. சீக்கிரம் கண்டுபிடிக்க வைப்பது

விழிப்புணர்வு ஓட்டத்துக்கும் டி-ஷர்ட்டுக்கும் பணம் கேட்டு வந்தால் நான் கொடுப்பதில்லை. பெரியவர்களின் மார்பகப் புற்றுநோய் போல, எல்லாக் குழந்தைகளையும் வரிசையில் நிறுத்திப் பரிசோதிக்கும் முகாம் குழந்தைப் புற்றுநோய்க்குப் பொருந்தாது.

பலன் தருவது வேறு. ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரும் கிராம செவிலியரும் சில அறிகுறிகளைக் கண்டதும் தாமதிக்காமல் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப் பயிற்சி பெறுவது. ஃபிளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் ஒரு கண் பாப்பா வெள்ளையாகத் தெரிவது. குளிப்பாட்டும்போது வயிற்றில் கட்டி தட்டுப்படுவது. வாரக்கணக்கில் காய்ச்சல், வெளிறிய முகம், அடிபடாமலே உடம்பில் நீலத் திட்டுகள். எலும்பு வலி என்று நடக்க மறுப்பது. எலும்பு வலிக்கு வாதம் என்று ஸ்டீராய்டு கொடுத்துவிட்டால் ரத்தப் புற்றுநோய் சில வாரம் மறைந்துகொள்ளும், பிறகு கண்டுபிடிப்பதும் குணமாக்குவதும் கஷ்டமாகும். கண்ணில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமாவைக் கண்ணுக்குள்ளேயே இருக்கும்போது பிடித்தால் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் காப்பாற்றலாம்.

சிகிச்சை மையம் வலுவாக இருக்கும் மாநிலத்தில்தான் இந்த வழி பொருந்தும். அனுப்பப்படும் குழந்தைக்குப் படுக்கை இல்லாத இடத்தில் பயிற்சி கொடுத்தால் மிஞ்சுவது பயம்தான். தமிழ்நாட்டில் மையங்கள் இருப்பதால் இங்கே இது அர்த்தமுள்ள செலவு.

ஒரு பார்வையில்

| வழி | எதைத் தடுக்கிறது | மறைந்த செலவு | எப்போது ஏற்றது |
|---|---|---|---|
| ஒரு குழந்தைக்கு நேரடியாக | உடனடி நெருக்கடி | குழந்தையின் படம், தளத்தின் டிப் | தெரிந்த குடும்பம், காப்பீடு போக மீதி |
| தங்குமிடம், பயணம் | பாதியில் விடுவது, தொற்று | மாதாந்திரப் பராமரிப்பு | மொத்தத் தொகை கையில் இருந்தால் |
| மருந்து நிதி | இடைவெளி விழுவது | தரம் | தட்டுப்பாடு வரும்போது |
| ஆட்களின் சம்பளம் | பாதியில் விடுவது, நோய் திரும்புவது | பல வருட உறுதி | குழுவாக, தவணையாக |
| டாக்டர், செவிலியர் பயிற்சி | தாமதம் | மையம் பலவீனமானால் வீண் | நல்ல மையம் எட்டும் தூரத்தில் |

யாருக்கு எது

பிறந்தநாள், திதி போன்ற ஒருமுறைச் செலவு என்றால் தங்குமிடத்தின் ஒரு மாத மளிகையை எடுத்துக்கொள்ளுங்கள். நண்பர்கள் குழு என்றால், மூன்று வருடம் ஒரு சமூகப் பணியாளரின் சம்பளம். ரோட்டரி, அரிமா சங்கம் போன்ற அமைப்பில் டாக்டர்கள் இருந்தால் மாவட்ட அளவில் பயிற்சி.

இலங்கை வாசகர்களுக்கு: சிகிச்சை அரசு மருத்துவமனையில் இலவசம்தான், ஆனால் பிள்ளைகள் பெரும்பாலும் மகரகமை அபேக்ஷா மருத்துவமனைக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து அது ஏறக்குறைய 400 கிலோமீட்டர். அங்கே தங்குவதற்கும் போய்வருவதற்கும் கொடுப்பதே முதல் தேர்வு.

வெளிநாட்டுத் தமிழர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உங்களிடம் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால் உங்கள் சொந்தப் பணத்தை வங்கி வழியாக இந்திய அமைப்புக்குச் சாதாரணமாக அனுப்பலாம். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தால், ஓசிஐ அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான எஃப்.சி.ஆர்.ஏ. சட்டப் பதிவு உள்ள அமைப்புக்கு மட்டுமே கொடுக்க முடியும். முதலில் அதைக் கேட்டுவிடுங்கள். இந்தியாவில் வரி கட்டுபவர்களுக்கு நன்கொடைக்கான வரிச் சலுகை (80ஜி என்று சொல்வது) பழைய வரி முறையில்தான் கிடைக்கும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் கிடையாது.

பணமே இப்போது இல்லை என்றால் பிளேட்லெட், அதாவது ரத்தம் உறைய உதவும் அணுக்களை, கொடுங்கள். கீமோவில் இருக்கும் குழந்தைக்கு அது அடிக்கடி தேவைப்படும். எடுத்த பிறகு ஐந்து நாள்தான் தாங்கும் என்பதால் சேர்த்து வைக்க முடியாது. 18 வயதுக்கு மேல், 50 கிலோவுக்குக் குறையாத எடை, கடந்த மூன்று நாளில் ஆஸ்பிரின் சாப்பிடாமல் இருக்க வேண்டும். ஒன்றரை மணி நேரம் போல ஆகும். பக்கத்து மருத்துவமனையின் ரத்த வங்கியில் பெயரையும் எண்ணையும் எழுதி வையுங்கள். தீபாவளி, பொங்கல் விடுமுறையில் ஊரில் இருப்பவர் நீங்கள் என்றால் அதையும் சேர்த்து எழுதுங்கள், அந்த வாரங்களில்தான் ஆள் கிடைப்பதில்லை.